நோ ட்யூஸ் கையெழுத்தும் பரணில் கிடந்த பெட்டியும்

எங்க பக்கம் டீக்கடையில் போய் உட்கார்ந்தால் காதில் விழும் முதல் கேள்வி "டேம் எத்தனை அடி?" என்பதாகத்தான் இருக்கும். பெரியாறு அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வரும். அதைப் படிக்காமல் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் டீ குடிப்பதில்லை. 136, 142, 152 என்ற மூன்று எண்களும் அஞ்சாம் கிளாஸ் படிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். 2014-ல் 142 அடி வரை தேக்கலாம்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன அன்னிக்கு எங்க ஊர்ல வெடி போட்டாங்க. ஒரு எண்ணுக்காக வெடி போட்ட ஊர் உலகத்துல வேற எங்கயாவது இருக்கான்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்களே :-)

அப்பேர்ப்பட்ட மண்ணில் பிறந்தவன், தான் எடுத்த எண்களைத் தானே தொலைத்த கதைதான் இந்தப் பதிவு. சொந்தக்கதை சோகக்கதை பிடிக்காதவர்கள் இப்பவே ஜூட் விடலாம்.

போன மாசம் ஒரு போன். புது நம்பர். "சார், நீங்க 2004-ல திராட்சை அடிச்சாம்பல் நோய் பத்தி எம்.ஃபில் பண்ணினீங்களா?" என்று ஒரு பெண் குரல். நான் சின்னமனூர்ல ஒருத்தர் தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய்க்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன். (அதுதான் இப்போ நம்ம பிழைப்பு.) எம்.ஃபில் என்ற வார்த்தையைக் கேட்டே பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அந்தப் படிப்பையே 2022-ல் யுஜிசி நிறுத்திவிட்டது. ஆக, இல்லாத படிப்பை முடித்த ஒருவனிடம், அவனே மறந்த ஒன்றைப் பற்றி அந்தப் பெண் கேட்கிறது.

உத்தமபாளையம் பக்கத்துப் பொண்ணு. பிஎச்.டி பண்ணுது. எங்க டிபார்ட்மென்ட் லைப்ரரியில் கறுப்பு அட்டை போட்ட என் ஆய்வேட்டைத் தேடிப் பிடிச்சிருக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி சுற்றுவட்டாரத்தில் பதினாறு பன்னீர் திராட்சைத் தோட்டங்களில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வாராவாரம் போய் இலை எண்ணியவன் நான். அதே தோட்டங்களில் இப்போது நோய் எந்த வாரத்தில் ஆரம்பிக்கிறது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்க்கப் போகிறதாம். மழை முன்ன மாதிரி இல்லை, நோயும் முன்ன மாதிரி இல்லை என்று எல்லாரும் வாயால் சொல்கிறார்கள், அதை எண்ணால் பார்க்கணும் என்றது. நல்ல யோசனைதான்.

"உங்க தீசிஸ்ல சராசரி மட்டும்தான் சார் இருக்கு. வாரக்கணக்கு டேட்டா கிடைக்குமா?"

"அதுக்கென்ன, வீட்லதான் இருக்கு, அனுப்புறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

பரணில் ஏறினேன். பொங்கல் பானைக்கும் உடைஞ்ச சைக்கிள் கேரியருக்கும் நடுவில் ஒரு அட்டைப்பெட்டி. அதுக்குள்ள மூணு ஃப்ளாப்பி, ஒரு சிடி, பதினோரு நோட்டு, பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து உலர்த்திய திராட்சை இலைகள். இலையை எல்லாம் பூச்சி தின்று நரம்பு மட்டும் மிச்சம். ஃப்ளாப்பியைப் போட டிரைவ் வேணுமே? மதுரையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் அதையும் தேடி வாங்கினேன். மூணும் படிக்க மாட்டேன் என்றுவிட்டது. சிடியில் மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. எப்படியோ ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல் மட்டும் தேறியது.

திறந்தால் அடுத்த கூத்து. ஊர்ப் பெயர்களைத் தமிழில் அடிச்சு வச்சிருந்தேன். யூனிகோடு இல்லை, அந்தக் காலத்து எழுத்துரு ஒன்று. நம்ம பழைய பதிவர்களுக்கு விளக்கவே வேண்டாம், திஸ்கியும் தாபும் தாமும் பாமினியும் நாம பட்ட பாடு. தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. நான் எந்த எழுத்துருவில் அடித்தேன் என்று ஃபைலில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பதினாறு தோட்டத்துக்கும் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் கோடும் பாதி ஆங்கிலமுமாக ஏதோ கிடக்கிறது.

அதையாவது ஒவ்வொரு எழுத்துருவாப் போட்டுப் பார்த்து மீட்டுடலாம். நோய் அளவுக் கட்டத்தில் "3-4" என்று நான் அடித்ததை எல்லாம் எக்ஸெல் தன் பாட்டுக்குத் தேதியாக மாற்றி வைத்திருந்தது. இலையில் நோய் எவ்வளவு என்று கேட்டால் ஏப்ரல் மூணாம் தேதி என்கிறது. நான் மட்டும்தான் இப்படி மடையன் போலிருக்கு என்று நினைத்தேன். அப்புறம்தான் படிச்சேன். எக்ஸெல்லில் மரபணுப் பட்டியல் போட்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை 2016-ல் ஆஸ்திரேலியாவில் சிலர் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தக் கோளாறு. மார்ச், செப்டம்பர் மாதிரி சுருக்கப்பெயர் வைத்த மரபணுக்கள் எல்லாம் தேதியாகிவிட்டன. கடைசியில் 2020-ல், சாஃப்ட்வேரைத் திருத்துறதுக்குப் பதிலா மரபணுக்களோட பேரையே மாத்திட்டாங்க! இதைப் படிச்சு ரெண்டு நாள் தனியாச் சிரிச்சேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபைல் போனால் என்ன, பதினோரு நோட்டு இருக்கே என்று உட்கார்ந்தேன். அங்கேதான் பெரிய இடி.

முதல் சில வாரங்களில் நோயை 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு எடுத்திருக்கிறேன். நடுவில் எங்க கைடு வந்து பார்த்துவிட்டு, "இது பத்தாதுப்பா, 0 முதல் 9 வரை போடு" என்று சொல்ல, மாற்றிவிட்டேன். பழைய கணக்கில் 3 என்றால் இலையில் பாதி போச்சு என்று அர்த்தம். புதுக் கணக்கில் 3 என்றால் அங்கங்கே லேசாகப் பொட்டு. மாற்றியது நினைவிருக்கிறது. எந்தத் தேதியில் மாற்றினேன் என்று எந்த நோட்டிலும் இல்லை. 5, 6 என்று எங்காவது வந்தால் புதுக் கணக்கு என்று தெரிந்துவிடும். ஆனால் நடுவில் ஆறு வாரம் எல்லாமே 4-க்குள்ளேயே நிற்கிறது. அந்த ஆறு வாரம்தான் நோய் கிளம்பும் நேரம். அந்தப் பொண்ணுக்கு வேண்டியதே அதுதான்.

தோட்டக் குறியீடும் அப்படித்தான். "ரா-2", "மு.தோ", "கி.மேடு" என்று எழுதியிருக்கிறேன். மு.தோ என்றால் முருகன் தோட்டமா, முக்குத் தோட்டமா? எழுதும்போது இது எப்படி மறக்கும் என்று நினைத்திருப்பேன். இருபது வருஷம் கழித்து என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகப் போகும் என்று யார் கண்டது?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ஆய்வேடு எழுதினப்போ இதெல்லாம் சரியாத்தானே போட்டிருப்பே, டிபார்ட்மென்ட்ல ஒரு காப்பி இருக்காதா? இருந்தது. டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டரில் என் பேரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. அதை வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமில்லை. நான் படித்து முடித்துக் கிளம்பும்போது "நோ ட்யூஸ்" என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஒன்பது கையெழுத்து வாங்க வேண்டும். லைப்ரரி, ஹாஸ்டல், மெஸ், விளையாட்டுத் துறை, லேப்... லேப்ல ஒரு பீக்கரை உடைச்சதுக்கு அறுபத்தஞ்சு ரூபா கட்டின பிறகுதான் கையெழுத்து. ரெண்டு பருவம், பதினாறு தோட்டம், ஆயிரக்கணக்கான இலை. அந்த எண்கள் எங்கே என்று ஒன்பது பேரில் ஒருத்தர் கேட்கவில்லை. பீக்கருக்கு இருந்த மரியாதை கூட அதுக்கு இல்லை. நானும் அதைப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன், என்னமோ என் சொத்து மாதிரி.

இப்போ நிலைமை மாறியிருக்கு என்பார்கள். மாறித்தான் இருக்கிறது, ஆனால் எது மாறியிருக்கு என்று பார்க்கணும். 2009-ல் யுஜிசி விதி கொண்டுவந்தது, ஆய்வேட்டின் மென்பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று. அதனால்தான் ஷோத்கங்கா தளத்தில் இன்னிக்கு நாடு முழுக்க உள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. வீட்டில் இருந்தே படிக்கலாம். அருமையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வேடு என்பது சமைத்த சோறு. எந்த வயல் நெல்லு, எத்தனை தடவை களைஞ்சது, எவ்வளவு கல் பொறுக்கினது என்பது சோற்றைப் பார்த்தால் தெரியாது. என்னோட ஆய்வேட்டில் ஒரு பட்டியலில் 2.7 என்று ஒரு சராசரி இருக்கு. அது எந்த அளவுகோலில் 2.7 என்று இன்னிக்கு எனக்கே தெரியாது. அதற்குப் பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

என்னை மாதிரி ஆட்கள் நம்ம ஊரில்தான் அதிகம் என்றும் நினைத்துவிடாதீர்கள். கனடாவை மையமாக வைத்து ஒரு குழு, 1991 முதல் 2011 வரை வெளிவந்த 516 உயிரியல் கட்டுரைகளை எடுத்து, எழுதினவர்களிடம் மூலத் தரவைக் கேட்டுப் பார்த்தது. 2014-ல் வெளியான முடிவு: கட்டுரைக்கு ஒரு வயசு கூடக்கூட, தரவு உயிரோடு இருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் வீதம் குறைகிறது. பழைய மின்னஞ்சல் முகவரி வேலை செய்யாது, ஃபைல் இருந்தாலும் படிக்கிற மிஷின் இருக்காது. அந்த மிஷினைத் தேடித்தான் நான் மதுரைக்குப் போனேன்.

பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற கொடைக்கானல் மலையின் மேலே, இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது. 1899-ல் ஆரம்பித்த சூரிய ஆய்வகம். பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே மியூசியத்தில் சூரியனோட பிம்பத்தைக் காட்டினாங்க. நாங்க அதைவிட சாக்லேட் கடையில்தான் கண்ணா இருந்தோம். அங்கே 1904-லிருந்து சூரியனைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கால்சியம் ஒளியில் 1907-லிருந்து, ஹைட்ரஜன் ஒளியில் 1912-லிருந்து. கண்ணாடித் தட்டிலும் பிலிமிலுமாக நூறு வருஷத்துக்கும் மேல். வெள்ளைக்காரன் போனான், டைரக்டர்கள் மாறினார்கள், படம் எடுக்கிறது நிற்கலை. பிறகு அத்தனையையும் டிஜிட்டலாக்கி, இந்திய வானியற்பியல் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த நாட்டு மாணவனும் எடுத்துப் பார்க்கலாம். இவ்வளவு நீளத்துக்குச் சூரியனோட ஆல்பம் வைத்திருக்கும் இடம் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அங்கே சூரியனைத் துரத்துகிற கண்ணாடி ஒன்று வெளிச்சத்தை வாங்கி அசையாத லென்ஸுக்கு அனுப்பும். அந்த அமைப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிம்பம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் படத்தில் சூரியனோட வடக்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால், படம் எடுத்த நேரம் சரியாகத் தெரிய வேண்டும். சில தட்டுகளில் நேரமோ திசையோ சரியாகக் குறிக்கப்படவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சீர் செய்ய இந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் தனியாக உழைத்திருக்கிறார்கள். தட்டு இருந்தது, படம் இருந்தது, ஒரு ஓரத்தில் இருக்க வேண்டிய மணி நிமிஷம் தப்பினதில் சூரியனே சாய்ந்துவிட்டது. என் 0-4, 0-9 விவகாரமும் இதேதான், என்ன, நான் கொஞ்சம் சில்லறை கேஸ்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கொடைக்கானல் ஒரு நிறுவனம், அங்கே இருக்கிறவர் ரிட்டயர் ஆகும்வரை இருப்பார், அடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். பல்கலைக்கழகத்தில் தரவை எடுப்பது மாணவன். ரெண்டு வருஷம், அஞ்சு வருஷத்தில் பெட்டியைக் கட்டிவிடுவான். கைடும் ஒருநாள் ஓய்வு பெற்றுவிடுவார். நிரந்தரமாக இருப்பது கட்டிடமும் லைப்ரரியும்தான். அப்போ தரவு யார்கிட்ட இருக்கணும்? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் ஆரம்பித்த நிரந்தர உரச் சோதனை வயல் இன்னும் இருக்கிறது. ஒரே பாத்தியில் ஒரே உரம், வருஷா வருஷம். அதை வைத்து எத்தனையோ மாணவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஆரம்பித்தவர் ஒருத்தர், அறுக்கிறவர் வேறொருத்தர். மனசு வைத்தால் நம்மால் முடியாததில்லை.

என் பூச்சி தின்ன இலையைப் பார்க்கும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-லிருந்து கோதுமை போட்டு, ஒவ்வொரு வருஷ மாதிரியையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். 2005-ல் அந்தப் பழைய கோதுமையிலிருந்து நோய்ப் பூஞ்சைகளின் டிஎன்ஏ-வைப் பிரித்து, எந்த நோய் எந்தக் காலத்தில் மேலோங்கியது, அதற்கும் காற்றில் கலந்த கந்தகப் புகைக்கும் என்ன தொடர்பு என்று கண்டுபிடித்தார்கள். 1843-ல் மூட்டை கட்டி வைத்தவனுக்கு டிஎன்ஏ என்றால் என்னவென்றே தெரியாது. எதுக்கு உதவும்னு தெரியாமலேயே எடுத்து வச்சான். நான் எதுக்கு உதவும்னு தெரிஞ்சும் பரண்ல போட்டேன்.

இந்த நிலைமையில் அந்தப் பொண்ணுக்குப் போன் செய்து, "மன்னிச்சிடும்மா, பாதி தேறாது" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "தோட்டக்காரங்க யாராவது ஞாபகம் வச்சிருப்பாங்களா அண்ணே?" என்றது. சார் அண்ணே ஆனது அந்த நிமிஷத்தில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சுருளிப்பட்டி போனோம். பாதித் தோட்டத்தில் இப்போ திராட்சையே இல்லை, தென்னையும் வாழையுமா மாறிக் கிடக்கு. ஒரு பெரியவர் தோட்டம் மட்டும் அப்படியே. கல்தூண் பந்தல், காயில் பன்னீர் வாசம். (கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்ல? அது வந்ததிலிருந்து தோரணையே தனி.) அவருக்கு எண்பது நெருங்குது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏந் தம்பி, அன்னைக்கி அம்புட்டையும் எழுதிட்டுப் போனீகளே, அது என்னாச்சு? ஒரு தாக்கல் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு பருவமும் அவர் தோட்டத்தில் போய் நின்று, மருந்து அடித்த கணக்கு, மகசூல், விற்ற விலை என்று அவர் சொன்னதை எல்லாம் வாங்கி எழுதியிருக்கிறேன். மோர் கொடுத்தார், ஒருநாள் மழையில் வீட்டிலேயே தங்க வைத்தார். ஆய்வேடு முடிந்த பிறகு ஒரு தாள், ஒரே ஒரு தாள், "ஐயா, உங்க தோட்டத்தில் இதுதான் தெரிந்தது" என்று தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாம். தோணவே இல்லை. தோண வைக்கவும் ஆளில்லை. நன்றியுரைப் பக்கத்தில் "விவசாயிகளுக்கு நன்றி" என்று ஒரு வரி, அதுவும் இங்கிலீஷில்.

விஷயத்தைச் சொன்னோம். உள்ளே போனவர் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டைரிகள். உரக்கடையில், பேங்கில் கொடுத்த டைரிகள், வருஷம் ஒன்று. எல்லாப் பக்கமும் ஒரே அமைப்பு: தேதி, தண்ணி, மருந்து, ஆள், கூலி. கவாத்து பண்ணின நாளுக்கு மட்டும் சிவப்பு மை. "வட்டிக்குக் குடுத்தவன் கேட்டா காட்டணுமேன்னு எழுத ஆரம்பிச்சது தம்பி, அப்பிடியே பழகிப்போச்சு" என்றார். 2003 டைரியை எடுத்துப் புரட்டினோம். மயில்துத்தம் எத்தனை கிலோ, சுண்ணாம்பு எத்தனை கிலோ, மழை பெய்த நாள், பெய்யாத நாள்...

நவம்பர் மாசத்தில் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "காலேஜ் தம்பி வந்தாப்ல. கூட அவுக வாத்தியாரும். இலை எண்ணுனாக. டீ 3."

கைடு தோட்டத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். அளவுகோலை மாற்றச் சொன்னது அன்னிக்குத்தான். அதற்கு முன்னால் எல்லாம் 0-4, பின்னால் எல்லாம் 0-9. அந்த ஆறு வாரமும் உயிர் பிடித்து எழுந்து உட்கார்ந்தது. மூணு டீயைக் கணக்கு எழுதி வைத்த மனுஷனால்! அந்தப் பொண்ணு சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரிச்சது. எனக்கு என்னமோ தொண்டையை அடைத்தது. மு.தோ என்பது முக்குத் தோட்டம், அதுவும் அவர்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தோம். இப்போ பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு இதுக்கெல்லாம் ஏதாவது ஏற்பாடு இருக்கா என்று கேட்டேன். ஒரு நாள் ஒர்க்‌ஷாப் நடந்ததாம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து டேட்டா மேனேஜ்மென்ட் என்று எழுபது ஸ்லைடு காட்டி, சர்டிபிகேட்டும் சாப்பாடும் கொடுத்து அனுப்பினாராம். "அடுத்த வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு அண்ணே. கேக்குறதுக்கு ஆளில்ல."

அதுதாங்க என் கருத்தும். ஸ்லைடு வேண்டாம், ஆள் வேண்டும். லைப்ரரியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, விஷயம் தெரிந்த ஒருவர். களத்துக்குப் போவதற்கு முன்னாலேயே மாணவன் அவரிடம் உட்கார வேண்டும்: தோட்டத்துக்கு என்ன குறியீடு, எந்த அளவுகோல், மாற்றினால் எங்கே எழுதுவாய், ஃபைலுக்கு என்ன பேர், மூணு காப்பி எங்கெங்கே. முடித்துவிட்டு வந்து அழுவதில் பிரயோசனமில்லை, நானே சாட்சி. எக்ஸெல் ஃபைலோடு சாதா எழுத்தில் ஒரு சிஎஸ்வி, கூடவே "இந்தக் கட்டத்துக்கு இதுதான் அர்த்தம்" என்று ஒரு பக்கக் குறிப்பு. இது ராக்கெட் சயின்ஸ் இல்லை, பெரியவர் டைரிக்கு மேல் ஒரு படிதான்.

சேமித்து வைக்கிற இடம் பெரிய செலவா என்றால் அதுவும் இல்லை. ஐரோப்பாவில் செர்ன் நடத்துகிற ஸெனோடோ 2013-லிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவைப் போடலாம், டிஓஐ என்று நிரந்தர அடையாள எண்ணும் தருவார்கள். என் பதினோரு நோட்டும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. பிரச்னை ஹார்ட் டிஸ்க் இல்லை. "இதைச் செய்தால் எனக்கு என்ன?" என்று மாணவன் கேட்டால் பதில் இல்லாததுதான் பிரச்னை. கட்டுரைக்கு மார்க் உண்டு, மாநாட்டுக்கு மார்க் உண்டு. ஒழுங்காக எடுத்து, துடைத்து, அடுத்தவன் எடுத்துக்கொள்கிற மாதிரி வைத்த தரவுக்கு என்ன மார்க்? வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வருகிறவர் ஆய்வேட்டைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், "அந்த மூலக் கணக்கைத் திற, ஒரு வரியை விளக்கு" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், என்னை மாதிரி ஆளுங்க அலறியடிச்சு ஒழுங்கா எழுதுவோம். அந்த நோ ட்யூஸ் தாளில் பத்தாவதாக ஒரு கையெழுத்து: "தரவு பெறப்பட்டது." பீக்கருக்குப் பக்கத்திலேயே போட்டாலும் சரி. (அதுவும் ஒரு சடங்காகி, காலி ஃபைலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள் என்று உங்களில் ஒருத்தர் சொல்லப் போவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் மேசையில் ஆள் வேணும் என்கிறேன். திறந்து பார்க்கிற ஆள்.)

பகிர்வது என்றதும் வருகிற பயத்தையும் நான் லேசாக நினைக்கவில்லை. "டேட்டாவை வெளியே விட்டா வேற எவனாவது பேப்பர் போட்டுடுவான்" என்று அந்தக் காலத்தில் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மாணவன் தன் கட்டுரையை முடிக்கிற வரை ரெண்டு வருஷம் மூடி வைத்து, அப்புறம் திறந்தால் போச்சு. இதைவிடப் பெரிய பயம் தப்பு தெரிந்துவிடுமே என்பது. அதுக்கு மருந்து என்னிடம் இல்லை. என் தப்பை இங்கே ஊரறியப் போட்டுட்டேன், தலை இன்னும் கழுத்து மேலதான் இருக்கு.

விவசாயியின் கணக்கு வேறு. அவர் மகசூலும் விலையும் மருந்தும் அதில் இருக்கு. யாவாரி கையில் போனால் அடுத்த பருவத்தில் விலையை அடிப்பான். அதனால் பேரும் சர்வே நம்பரும் எடுத்துவிட்டு, ஊர் அளவில் மட்டும் வெளியிட வேண்டும் என்பார்கள். சரியான யோசனைதான். அதற்கான ஒப்புதல் படிவமும் அந்தப் பொண்ணு கொண்டுவந்திருந்தது. இங்கிலீஷில் நாலு பக்கம். ரெண்டாவது தடவை போனபோது நான் தமிழில் சொல்லி விளக்கினேன். "உங்க பேரு எங்கேயும் வராதுங்கய்யா" என்று சொன்னதுதான் தாமதம், பெரியவர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"எம் பேரு வராதா? நாப்பது வருசம் எழுதுனது நானு. எம் பேரப் போடாம வேற யாரு பேரப் போடப் போறீக?"

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். படிவத்தில் பேரை மறைக்க இடம் இருக்கிறது, பேரைப் போடச் சொல்ல இடம் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தானே? கட்டுரையில் கைடு பேர் வரும், மாணவி பேர் வரும், என் பழைய ஆய்வேடு கூட மேற்கோளில் வரும். நாப்பது வருஷ மழையையும் மருந்தையும் ஒரு நாள் விடாமல் எழுதினவர் "விவசாயி 7" என்று வருவார். அந்தப் பொண்ணு தன் கைடிடம் கேட்டது. அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் தெரியவில்லை, லைப்ரரியில் கேள் என்றிருக்கிறார். லைப்ரரியில் கடிதமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்திருக்கிறது. பதில் வந்ததும் பெரியவருக்குத் தமிழில் புதுசாக ஒரு படிவம் எழுத வேண்டும், அது என் பொறுப்பு. மகசூல் கணக்கைத் தனியாகப் பிரித்து மூடி வைத்துவிட்டு, மழை, மருந்து, நோய் தேதிகளை மட்டும் அவர் பேரிலேயே போடலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களில் யாராவது இந்த மாதிரி செய்திருந்தால் சொல்லுங்கள், உபயோகமாக இருக்கும்.

அதுவரைக்கும் சும்மா இருக்கப் போவதில்லை. டைரி வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்பது பெரியவர் நிபந்தனை. அதனால் நாங்கள்தான் போகிறோம். திண்ணையில் வெளிச்சம் நல்லா இருக்கிற நேரத்தில் நான் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுக்கிறேன், அது தேதிவாரியாகப் பேர் வைத்து ஏற்றுகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத எழுத்துக்கெல்லாம் விளக்கம் சொல்கிறார். அதையும் தனி ஃபைலில் எழுதிக்கொள்கிறோம், யூனிகோடில். இதுவரை ஒன்பது வருஷம் முடிந்திருக்கிறது. வர்ற ஞாயித்துக்கிழமை 1998.